கேக் லேஸ் முன்கூட்டியே செய்து வைத்தால் ஒடியாமல் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பொங்கோல்:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு திருமண வரவேற்புக்கு மூன்றடுக்கு கேக் கேட்டிருக்கிறார்கள். பெண்ணின் பட்டுப்புடவைக் கரையில் இருப்பது போலவே மாங்காய் போட்ட தங்க நிற லேஸ் (சர்க்கரைக் கலவையை அச்சுப் பதித்த சிலிக்கான் மேட்டில் தடவி, ஓவனில் காயவைத்து உரித்தெடுக்கிற, சாப்பிடக்கூடிய சரிகை) ஒவ்வோர் அடுக்கையும் சுற்றி வர வேண்டுமாம். எல்லா வேலையையும் கடைசி இரண்டு நாளில் வைத்துக்கொள்ள முடியாது. லேஸை மட்டும் முதலிலேயே செய்து வைத்தால் வளைகிற பதம் போய்விடுமா?

ஈசூன்:
தாராளமாகச் செய்து வைக்கலாம் தங்கச்சி. வீட்டிலிருந்து கேக் விற்கிற நான் லேஸ் வேலையை எப்போதும் முந்தைய வாரமே முடித்துவிடுவேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லேஸ் வளைவதே அதற்குள் மிச்சமிருக்கிற கொஞ்சம் ஈரத்தால்தான். கலவையில் இருக்கும் கிளிசரின் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரம் போனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதிகமானால் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊரில் இரண்டுமே நடக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். அதே வீட்டில் ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். சமையலறை மேசையில் வைத்த லேஸ் தொய்கிறது, படுக்கையறையில் வைத்தது விறைக்கிறது. அதனால் எந்த அறையில் வைக்கிறோம் என்பதைவிட, காற்றே படாமல் மூடுகிறோமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

சேமிப்பு ஓவனிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். 10 நிமிடம் ஆனதும் எடுத்து, சிலிக்கான் மேட்டின் ஒரு மூலையை மட்டும் உரித்துப் பாருங்கள். இழுபட்டால் இன்னும் சில நிமிடம் வையுங்கள். ஓரம் தானாகவே எழும்பிச் சுருண்டிருந்தால் தேவைக்கு மேல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிக் காய்ந்ததை எவ்வளவு பத்திரமாக மூடி வைத்தும் பயனில்லை. உரிக்கும்போது மேட்டைக் கவிழ்த்துப் போட்டு, லேஸை விட்டுவிட்டு மேட்டைத் தூக்குங்கள். மாங்காயின் வால்பகுதி மெல்லிய இழையாக இருக்கும், முதலில் கிழிவது அதுதான்.

ஆறியதும் தாமதிக்காமல் பேக்கிங் பேப்பர் இரண்டுக்கு நடுவில் பரத்தி, ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுவேன். அப்புறம் அந்தப் பை ஒரு தட்டையான டப்பாவுக்குள் போகும். வெளிச்சம் படாத அலமாரியில் வைப்பது நல்லது, இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். புளோக் (அடுக்குமாடி) வீடுகளில் எறும்புக்குச் சொல்லவே வேண்டாம், டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. முறுக்கு டப்பாவில் போடுகிறோமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை லேஸோடு போடவே கூடாது. சர்க்கரைப் பூ விறைப்பாக நிற்க வேண்டும், அதற்கு அது சரி. லேஸுக்குள் நாம் காப்பாற்றி வைத்திருக்கும் ஈரத்தை அது முழுக்க உறிஞ்சிவிடும். இங்கே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாகச் செய்த லேஸ் இப்படி வீணாவதை நிறையப் பார்க்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது சுவரில்லாத கீழ்த்தளத்தில், ஒரு நிச்சயதார்த்தம். வெளியே ஆர்டர் கொடுத்து வாங்கிய கேக், காலையிலேயே லேஸ் ஒட்டி வந்திருந்தது, லேஸுக்கு அடியில் ஃபிரெஷ் கிரீம். மதியம் நல்ல மழை. மாலையில் மோதிரம் மாற்றும் நேரத்துக்குள் லேஸின் கீழ் ஓரம் கிரீமோடு கரைந்து, வெள்ளைக் கோடாக வழிந்திருந்தது. பெண்ணின் அம்மா முகம் வாடிப்போனதை இன்னும் மறக்க முடியவில்லை. கிரீமில் இருக்கும் தண்ணீரே லேஸைக் கரைத்துவிடும். ஃபாண்டன்ட் (கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவு) மேல் ஒட்டுவதுதான் பாதுகாப்பு. பட்டர் கிரீம் என்றால் பரிமாறும் நேரத்துக்கு முடிந்த அளவு நெருக்கத்தில் ஒட்டுங்கள். நான் லேஸைப் பையோடு எடுத்துக்கொண்டு போய், மண்டபத்திலேயே ஒட்டுகிறேன்.

இன்னொன்று, நம்மவர்களில் சைவம் நிறையப் பேர். சில கலவைகளில் ஜெலட்டின் இருக்கும். வாங்கும்போதே பொட்டலத்தைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

பொங்கோல்:
ரொம்ப நன்றி. மூன்று கேள்வி. குளிர்பெட்டியில் வைக்கலாமா? தங்க நிறம் எப்போது பூசுவது? விறைத்துப்போனால் மீட்க முடியுமா?

ஈசூன்:
குளிர்பெட்டி வேண்டாம். வெளியே எடுத்ததும் நீர் முத்துமுத்தாகப் படியும், அந்தப் புள்ளிகளில் லேஸ் கரைந்து ஓட்டை விழும்.

தங்கத் தூளை முன்கூட்டியே பூசினால் பாதி பேப்பரில் ஒட்டிக்கொள்ளும். கேக்கில் ஒட்டி முடித்த பிறகு, உலர்ந்த தூரிகையால் தடவுங்கள். தண்ணீரில் குழைக்கக் கூடாது. சிலர் மதுசாரத்தில் குழைப்பார்கள். வரவேற்புக்கு முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள் இல்லையா, அதனால் நான் உலர்ந்த முறையோடு நிறுத்திக்கொள்கிறேன். தூள் உண்ணத்தக்கது என்று பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும்.

லேசாக விறைத்தது என்றால் மீட்கலாம். டப்பாவின் ஓர் ஓரத்தில் பிழிந்த ஈரத்துணி, மறு ஓரத்தில் பேப்பர் மேல் லேஸ், இரண்டும் தொடக்கூடாது. மூடிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மூலையை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மழை நாளானால் ஏர்கான் இல்லாத அறையில் திறந்து வைத்தாலே இளகிவிடும். பிசுபிசுத்தால் நேர்மாறு, சிறிது நேரம் ஏர்கான் அறையில் திறந்து வையுங்கள், அடியில் சோளமாவு துளி தூவலாம்.

ஜூரோங் வெஸ்ட்:
நீளமான கரைத்துண்டை மடிக்காதீர்கள், மடிப்பில் கோடு விழுந்துவிடும். பேப்பர் டவல் சுற்றி வரும் அட்டைக் குழாய்மேல் பேக்கிங் பேப்பரோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றி வையுங்கள். கேக்கைச் சுற்றி ஒட்டும்போது குழாயை உருட்டிக்கொண்டே போகலாம், கை வலிக்காது. ஓரத்தில் வெட்டிய ஒரு சின்னத் துண்டையும் அதே பையில் போடுங்கள். அன்றைக்கு முதலில் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய துண்டைத் தொடுங்கள்.