அப்பாவின் புல்லட் 350: நேரா ஃபார்ட்டி போடலாமா?

தண்டையார்பேட்டை_350:
அப்பா ஓட்டிய 1994 புல்லட், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். திருவொற்றியூரில் செய்த வண்டி, பிறந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று ஸ்டாப் தள்ளித்தான் இன்னும் நிற்கிறது. ஒரு வருடமாக ஆயில் குடிக்கிறது, முறுக்கினால் நீலப்புகை, கிக்கர் சைக்கிள் பெடல் மாதிரி லேசாக இறங்குகிறது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், ரீபோர் பண்ணணும் (சிலிண்டரின் உள்துளையான போரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது), ட்வென்டி (0.50 மில்லிமீட்டர் பெரிசு) எல்லாம் வேண்டாம், நேரா ஃபார்ட்டி (1.00 பெரிசு) போட்டுடலாம், சிசியும் ஏறும், வண்டி பறக்கும் என்கிறார். புதுப்பேட்டையில் இன்னொருவர் பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இரண்டு பேருமே சிலிண்டர் பிளாக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

கிக்கர்_அண்ணா:
தம்பி, கழற்றும் முன் ஒன்றைச் செய். புகை எப்போது வருகிறது என்று கவனி. நான்கு நாள் நின்ற வண்டியை எடுத்ததும் பெரிய மேகம் வந்து, பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டால் அது போர் பிரச்சினை இல்லை. ஆயில் டேங்க்கிலிருந்து பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சின் அடியில் உள்ள கிராங்க் கேஸில் தேங்கியிருக்கும், புல்லட்டுக்கே உள்ள வியாதி. மேட்டிலிருந்து த்ராட்டிலை மூடி இறங்கிவிட்டு மறுபடி முறுக்கும்போது புகைந்தால் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைச் சந்தேகப்படு. எப்போதும் புகைந்தால்தான் ரிங், போர் பக்கம் போகணும்.

கிக் லேசாக இருப்பதற்கு டெகாம்ப் வால்வு (கிக் பண்ணும்போது அழுத்தத்தை வெளியே விடுவது) சரியாக உட்காராததும் காரணமாக இருக்கலாம், வால்வு இடைவெளியை வைக்கும் டாப்பெட் இறுகி இருப்பதும் காரணமாக இருக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதெல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார். இரண்டாம் தடவை நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வுகள் இருக்கும் ஹெட்டைப் பார்.

தண்டையார்பேட்டை_350:
பார்த்தேன் அண்ணா. எப்போதும் புகைதான், ஆயில் விட்டதும் கேஜ் நன்றாக ஏறியது. அப்போ போர்தான் போல.

பழைய_போரிங்_ஆள்:
அம்பத்தூரில் முப்பது வருஷம் போரிங் மெஷினில் நின்றவன். ஃபார்ட்டியா ட்வென்டியா என்பதை மெக்கானிக்கும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. சிலிண்டர்தான் சொல்லணும்.

போர் கேஜால் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசை: முன்பின், அப்புறம் இடவலம். மேல் ரிங் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் அதிகம் தேயும், அதுவும் பிஸ்டன் அழுத்தும் முன்பின் திசையில். ரிங் போகாத அடிப்பகுதி ஏறக்குறைய ஸ்டாண்டர்டு அளவில், அதாவது 70 மில்லிமீட்டரில் இருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். தேய்மானம் 0.16 இருக்கிறது, 0.25 ஓவர்சைஸ் போதுமே என்பார்கள். போதாது. தேய்மானம் சுற்றிலும் சமமாக இருக்காது, பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் இருக்கும். நாங்கள் சென்டர் பிடிப்பது தேயாத அடிப்பகுதியை வைத்து. ஒரு பக்கம் 0.16 பள்ளம் இருந்தால் அதைத் தொட எதிர்ப்பக்கமும் 0.16 வெட்டணும், விட்டத்தில் 0.32 ஆகிவிட்டது. அதற்கு மேல் ஹோனிங், அதாவது கல்லால் தேய்த்து முடிப்பது. ஆக 0.50 தான் வரும், கடையில் ட்வென்டி என்பார்களே அது.

அதற்காக ஒரே தாவலில் 1.00 போவது வீண். எல்லா இடமும் சுத்தமாகிற மிகச் சின்ன சைஸ் எதுவோ அதுதான் சரியான சைஸ். சிசி ஏறும் என்ற கதையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90. போர் 70 என்றால் 346 சிசி, 71 ஆக்கினால் 356. பத்து சிசிக்காக அடுத்த இரண்டு ரீபோரைத் தின்றுவிடுவீர்கள். அப்புறம் உள்ளே ஸ்லீவ் (புது இரும்புக் குழல்) இறக்கி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவருவதுதான் வழி. அது நல்ல வேலைதான், ஆனால் இறுக்கம் சரியாக இல்லாவிட்டால் சூடு வெளியே போகாது.

பட்டறையில் கொடுக்கும் முன் பிளாக்கின் அடி ஃபேஸில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிவிடுங்கள். அதை அப்படியே மெஷினில் வைத்தால் போரே சாய்ந்து விழும்.

ஜிஎஸ்டி_ரோட்டில்_நின்றவன்:
பெரியவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன், பட்டவன் என்பதால். பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள்.

நான் அவசரத்தில் பிளாக்கை மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு, பிஸ்டனை நான்கு நாள் கழித்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தால் போரும் 70.50 என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் பெட்டியில் போட்டிருப்பது பெயர்தான், பிஸ்டனின் நிஜ அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என்னுடையதில் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே கேப் மிகவும் குறைவு. மதுராந்தகம் தாண்டி ஏரிக்கரை ஓரமாக நல்ல வெயிலில் வண்டி மெல்ல இழுக்க ஆரம்பித்தது, நான் ஹெட்விண்ட் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன் (என் புத்தி), அடுத்த நொடி பின் டயர் லாக். கிளட்சைப் பிடித்ததால் கீழே விழவில்லை. பிஸ்டனின் இரண்டு பக்கமும் வரிவரியாக உரிந்திருந்தது.

பழைய_போரிங்_ஆள்:
ரொம்பச் சரி. பிஸ்டனை, அதைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) அடிப்பக்கம் மைக்ரோமீட்டரால் அளக்கணும். பிஸ்டன் வட்டமே இல்லை, லேசான முட்டை வடிவம், மேலே சிறுத்தும் இருக்கும். அந்தப் பின் ஓடும் திசையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த அளவோடு கேப்பைக் கூட்டினால் வருவதுதான் போர் சைஸ். பிஸ்டனோடு வரும் சீட்டில் கேப் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் இந்த இரும்பு பிளாக்குக்கு நான் மூன்று தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் மூன்று பங்கு), அதாவது சுமார் 0.075 மில்லிமீட்டர் வைப்பேன்.

ரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். போருக்குள் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 70 போருக்கு 0.28, 0.30 இருக்கட்டும். குறைந்தால் அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். சூட்டில் இரண்டு முனையும் முட்டினால் போரைக் கிழித்துவிடும்.

ஹோனிங் முடிந்து வந்ததும் பெட்ரோலில் அலசிவிட்டு மாட்டுவது இங்கே எல்லோரும் செய்கிற தப்பு. கல் தூள் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும், பெட்ரோலுக்குப் போகாது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத்துணியால் துடைத்தால் கறுப்பு வராத வரை தேய்த்துவிட்டு உடனே ஆயில் தடவுங்கள், நம்ம ஊர் உப்புக்காற்றில் அரை மணியில் துருப் பிடிக்கும்.

வேளச்சேரி_டியூக்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என் கேடிஎம் டியூக் 390க்கும் இப்படி ஓவர்சைஸ் கிடைக்குமா?

கிக்கர்_அண்ணா:
ப்ரோ, உங்கள் போரில் இருப்பது நிக்கசில் என்ற மெல்லிய, கடினமான பூச்சு. அதை இப்படி வெட்ட முடியாது, வெட்டினால் பூச்சு போய்விடும். வேறு கதை, தனியாகக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை_350:
அளந்தாச்சு. அடியில் 70.01, மேலே முன்பின் 70.17, இடவலம் 70.10. பெரியவர் எடுத்துக்காட்டுக்குச் சொன்ன எண்ணே வந்ததில் பட்டறைக்காரரும் சிரித்துவிட்டார். 0.50 பிஸ்டன் வாங்கி, ஸ்கர்ட் 70.44 வந்தது, போர் 70.515 வைத்தோம். ரிங் வாய் ஒன்று 0.20 தான் இருந்தது, தேய்த்தோம். நேற்று ஸ்டார்ட் செய்தேன், கிக்கர் மேல் ஏறி நின்றால்தான் இறங்குகிறது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார், புகை இல்லை. ரன்னிங் இன், அதாவது புது பிஸ்டன் பழகும் வரை ஓட்டுவது, எப்படி?

பழைய_போரிங்_ஆள்:
நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விட்டு வைக்காதீர்கள், காற்றே படாமல் சூடாகும். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஐம்பதைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் இழுக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டாப் கியரில் திணற விடவே கூடாது. இரண்டு தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு ஹெட் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், டாப்பெட்டையும் பாருங்கள். நூறாவது கிலோமீட்டரில் ஆயிலை இறக்கிவிடுங்கள், வடிகட்டிப் பார்த்தால் மினுமினுப்பாகக் கொஞ்சம் தூள் வரும், பயப்படாதீர்கள். துண்டு துண்டாக வந்தால் மட்டும் வண்டியை எடுக்காமல் இங்கே எழுதுங்கள்.