மாரிக்கு நாட்டு மாட்டுக்குப் போர்வை தேவையா?

தம்பலகாமம் பட்டி:

வணக்கம். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்களுக்குச் சின்னதாய் ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாம் நாட்டு மாடு, சிந்திக் கலப்பில் இரண்டு பசு, ஐப்பசியில் ஈன்ற கன்றுகள் கொஞ்சம். பெரும்போக வேளாண்மை தொடங்கிவிட்டதால் வயல் பக்கம் மாட்டை விட முடியாது, வழக்கம்போலக் காட்டோரம் கொண்டுபோய் அடைத்திருக்கிறோம். பட்டி என்றால் முள்ளுக்கம்பியும் நாலு மரமும்தான், கூரை இல்லை. மழை இறங்கினால் நிலமெல்லாம் சேறு.

பிரச்சினை என்னவென்றால் வீட்டில் இரண்டு கட்சி. வெளிநாட்டுக் குதிரைகளுக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரிப் போர்வை கட்டும் வீடியோக்களை மனைவி பார்த்துவிட்டார். நாமும் உரப்பைகளைப் பிரித்துத் தைத்து மாடுகளுக்குக் கட்டுவோம் என்கிறார். அப்பாவுக்குச் சிரிப்பு. "நாட்டு மாட்டுக்குச் சட்டை தைக்கிற காலமா வந்துவிட்டது, அது தாங்கும்" என்கிறார். 2022 மார்கழியைப் பார்த்திராவிட்டால் நானும் அப்பாவின் பக்கம்தான். மண்டூஸ் புயல் கடலில் போனபோது அடித்த குளிர்காற்றில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் கலப்பு இனம் மட்டும் இல்லை, காலங்காலமாக மாரியில் நனைந்து வளர்ந்த நாட்டு மாடுகளும் கனக்க. ஆனால் ஒன்று, எங்களுக்குப் பக்கத்துப் பட்டியில் விழுந்ததெல்லாம் மெலிந்த பசுக்களும் கன்றுகளும்தான். அதே இடத்தில் அதே மழையில் நின்ற கொழுத்த நாம்பன் காளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே கேட்கிறேன், போர்த்துவதா விடுவதா? போர்த்துவதென்றால் எதால்? கன்றுகளுக்கு மட்டும் செய்தால் போதுமா? பட்டி வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள், சும்மா பயமுறுத்த வேண்டாம்.


கிண்ணியா எருமைக்காரன்:

தம்பி, சாக்கைக் கட்டாதீங்க. வாப்பா காலத்திலிருந்து எருமையும் மாடும் வைத்திருக்கிறோம், கட்டிப் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் மழையிலேயே சாக்கு தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், அப்புறம் ஒரு பக்கமாகச் சரிந்து வயிற்றுக்குக் கீழே தொங்கும், மாடு எழும்பும்போது அதைத் தானே மிதித்துக்கொண்டு விழும். மழை விட்டாலும் சாக்கு காயாது. மாட்டின் முதுகு அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், சாக்குக் கட்டிய மாடு விடியும்வரை ஈரத்துக்குள்ளேயே நிற்கும்.

மாட்டைக் கொல்வது மழை இல்லை, வாடைக் காற்று. மழையும் வாடையும் சேர்ந்தால்தான் விஷயம் கெட்டுப்போகும். பட்டியை மேட்டில் போடுங்க, வடக்குப் பக்கம் அடர்ந்த பற்றை இருக்கிற மாதிரிப் பாருங்க, இல்லாவிட்டால் தென்னோலைக் கிடுகு கட்டுங்க. மாடு தானாகவே காற்றுக்குப் பின்பக்கத்தைக் கொடுத்து ஒதுங்கும். நாங்கள் கம்பியைச் சுற்றி அடித்து அதை ஒதுங்க விடாமல் வெட்டவெளியில் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு போர்வையைப் பற்றிக் கதைக்கிறோம்.

இன்னொன்று வைக்கோல். நாம்பன் தப்பினது என்று சொன்னீங்களே, வயிறு நிறைந்திருந்தது, அதுதான்.


உப்புவெளிப் பிள்ளை (இப்போது வேல்ஸில்):

அண்ணா, உங்கள் மனைவி பார்த்த வீடியோக்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம், ஏனென்றால் நான் இங்கே ஒரு குதிரை லாயத்தில்தான் வேலை செய்கிறேன். இங்கேயும் ஒவ்வொரு ஐப்பசியிலும் இதே சண்டை நடக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். வெல்ஷ் மலை மட்டக்குதிரை, எக்ஸ்மூர், ஷெட்லாண்ட் போன்ற நாட்டு இனங்களுக்குப் போர்வை போடலாமா கூடாதா என்பதுதான் சண்டை. அனுபவப்பட்டவர்கள் அநேகமாகச் சொல்வது, ஆரோக்கியமான நாட்டு மட்டக்குதிரைக்கு வேண்டாம் என்பதே.

காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. பகல் குறையக் குறையக் குளிர்கால மயிர் வளரும். இங்கே மார்கழியில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. உள்ளே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, மேலே எண்ணெய்ப் பசையுள்ள நீண்ட மயிர், மழை மேலாலேயே வழிந்து போகும். குளிர்ந்தால் மயிர் சிலிர்த்து நிற்கும், இடையில் காற்று அடைபடும், அதுதான் அதன் போர்வை. எக்ஸ்மூரின் முதுகில் பனி உருகாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், உள்ளே கையை விட்டால் தோல் சூடு. அதன் மேல் மெல்லிய போர்வையைக் கட்டினால் சிலிர்த்த மயிரை அமுக்கிவிடும், இருந்த சூடும் போய்விடும். ஒரு போர்வை போட்டால் கனமானதாய்ப் போட வேண்டும், போட்டால் தினமும் கழற்றித் தோள், மார்பு உராய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெயில் வந்தால் எடுக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் முதுகில் பொருக்குப் பொருக்காக வந்து, பொருக்கை இழுத்தால் மயிர்க் கொத்தோடு சேர்ந்து கழன்று வரும்.

எடை விஷயம் அதைவிடப் பெரியது. இந்த இனங்கள் கோடையில் கொழுத்துக் குளிர்காலத்தில் மெலியும்படி அமைந்தவை. போர்வையும் போட்டுத் தீனியும் கொடுத்தால் மெலியாமலே அடுத்த வசந்தத்துப் புல்லுக்குப் போகும், அப்புறம் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்க முடியாமல் நிற்கும். இங்கே நாட்டு மட்டக்குதிரைகளின் பெரிய எதிரி அதுதான், குளிர் இல்லை. ஆனால் கிழடு, நோயாளி, மெலிந்தது, மயிர் கத்தரித்தது என்றால் தயங்காமல் போர்த்துவோம். எலும்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், மயிர் மூடிவிடும், விலாவில் கையை வைத்துத் தடவித்தான் பார்க்க வேண்டும்.

மலையில் சுதந்திரமாகத் திரியும் மட்டக்குதிரைகளும் எல்லாக் காலமும் தப்பிவிடுவதில்லை. 2013 மார்ச்சில், குளிர்காலம் முடிகிற நேரத்தில் வந்த பெரும் பனியில் வட வேல்ஸின் கர்னெடாவ் மலையில் பல செத்தன. நீங்கள் மண்டூஸைப் பற்றி எழுதியதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


நிலாவெளி ஆட்டுக்காரன்:

நெடுந்தீவில் குதிரைகள் தலைமுறை தலைமுறையாகப் போர்வை இல்லாமல்தானே திரிகின்றன, அங்கே யார் கட்டிவிட்டார்கள்? அதுகளுக்குக் கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாததுதான் கஷ்டம்.

நான் ஆடு வைத்திருக்கிறேன். போன மாரிக்குப் பொலித்தீன் பையை வெட்டி மழைக்கோட்டு மாதிரிக் கட்டிவிட்டேன், ஒன்றும் சாகவில்லை. செலவும் இல்லை. மாட்டுக்கும் பெரிய உரப்பையின் உள்பையை எடுத்துக் கட்டலாமே? விழுந்து கிடக்கிற மாட்டுக்குக் கொஞ்சம் சாராயம் பருக்கினால் எழும்பும் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள்.


ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்:

சாராயத்தை முதலில் நிறுத்துங்கள் ஐயா. அது தோலுக்கடியில் இருக்கும் இரத்தக் குழாய்களை விரித்துவிடும், உள்ளே மிச்சமிருந்த சூடு வெளியே போய்விடும். பார்ப்பதற்குத் தெளிந்த மாதிரி இருக்கும், அதை நம்பாதீர்கள். கிடக்கிற மாட்டின் வாயில் கஞ்சி, பால் எதையும் குழாயால் ஊற்றவும் கூடாது. விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு நேரே நுரையீரலுக்குள் போகும். குளிரில் சாகாதது அதில் செத்த கதைகள் உண்டு.

இனித் தம்பலகாமத்துத் தம்பிக்கு. அப்பா சொல்வதில் பாதி சரி. நாட்டு மாடு தாங்கும் இனம்தான், ஆனால் எதைத் தாங்கும் என்று பாருங்கள். குட்டை மயிர், மெல்லிய தோல், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி, எல்லாம் உடம்புச் சூட்டை வெளியே விடுவதற்கு அமைந்தவை. சித்திரை வெயிலுக்கு அது ராஜா. தங்கச்சி சொன்ன குளிர்கால மயிர் இதற்கு வளராது, ஏனென்றால் திருகோணமலையில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல். வெளிநாட்டு இன மாடுகளை வைத்துக் கணித்த ஒரு அளவு இருக்கிறது. குளிர்கால மயிர் வளர்ந்து உலர்ந்திருக்கும் மாடு 0 பாகை வரை பெரிதாகச் சிரமப்படாது, அதே மாடு தோல்வரை நனைந்தால் 15 பாகையிலேயே சூட்டைக் காப்பாற்றக் கூடுதல் தீனியை எரிக்கத் தொடங்கும். அதற்கே அப்படியென்றால் நமது மாட்டுக்கு அந்த எல்லை இன்னும் மேலே இருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரண மாரி இரவு இங்கே 24 பாகை அளவில் நிற்பதால் வெறும் மழையைத் தாங்கிவிடுகிறது. இரவு பகலாக நனைந்து, வாடையும் அடித்து, வழக்கத்தை விடக் குளிர்ந்து, வயிறும் காலி என்றால் தாங்காது. வேல்ஸில் பனியில் நிற்கும் மட்டக்குதிரையை விட உங்கள் பசுவுக்கு அந்த இரவில் உதவி அதிகம் தேவை.

வயிறு ஏன் முக்கியம் என்றால், வைக்கோலும் புல்லும் முதல் வயிற்றில் புளித்துச் செரிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது. புண்ணாக்கு, தவிடு நல்லதுதான், ஆனால் இரவு முழுக்கச் சூடு தருவது நார்த்தீனி. நம் பட்டிகளின் துரதிர்ஷ்டம், வேளாண்மைக்காக மாட்டை ஒதுக்கும் காலமும் மழைக் காலமும் ஒன்றாக வருகின்றன. மேய்ச்சல் குறைந்த நேரத்தில்தான் குளிரும். ஐப்பசி, கார்த்திகைக்குள் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள், புழுவுள்ள கன்று எவ்வளவு தின்றாலும் மெலியும்.

காற்றுத் தடுப்புக்குத் தகரத்தை விடக் கிடுகு நல்லது. காற்றை முழுதாக மறித்தால் மேலால் ஏறி மறுபக்கம் சுழன்று விழும். கொஞ்சம் கசிய விடும் தடுப்பு, உயரத்தைப் போல எட்டு பத்து மடங்கு தூரம்வரை காற்றைத் தணிக்கும்.

பொலித்தீன் வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். தங்கச்சி சொன்ன பொருக்கு நோய் மாட்டுக்கும் வரும், டெர்மடோஃபிலஸ் என்ற அதே கிருமிதான். ஈரத் தோல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஆட்டுக்காரர் ஐயாவின் ஆடுகள் தப்பியது பெரும்பாலும் அவர் பரணில் அடைப்பதால் இருக்கும், அப்படித்தானே?

கன்றுக்கு மட்டும் போர்வை சரி. ஆனால் கூரைக்குக் கீழே, உலர்ந்த சணல் சாக்கு, நெஞ்சிலும் வயிற்றிலும் தளர்வாகக் கட்டி, நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். முதலில் வைக்கோலால் நன்றாகத் தேய்த்து உலர்த்துங்கள். காதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாடையில் நல்ல கன்றின் காதும் குளிரும். ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள், 38.5 அளவில் இருக்க வேண்டும், 37க்குக் கீழே என்றால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். முதுகு வளைந்து நடுங்கினால் இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். நடுங்கிக்கொண்டிருந்தது நடுக்கம் நின்று சோர்ந்து படுத்தால்தான் பயப்பட வேண்டும்.


நிலாவெளி ஆட்டுக்காரன்:

பரண்தான் டொக்டர். பலகைப் பரண், மேலே தகரம். சரி, பொலித்தீனைக் கழற்றிவிடுகிறேன்.


தம்பலகாமம் பட்டி:

எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன், இருவரும் தாங்கள் வென்றதாகச் சொல்கிறார்கள்.

பட்டியைக் கொஞ்சம் மேட்டுக்கு மாற்றுகிறோம், வடக்குப் பக்கம் கிடுகு கட்டப் போகிறேன். கன்றுகளையும் மெலிந்த இரண்டு கிழட்டுப் பசுக்களையும் வீட்டுக் கொட்டிலுக்குக் கொண்டு வருகிறேன், சாக்கு அங்கே மட்டும். காட்டில் நிற்கும் மற்ற மாடுகளுக்கு ஒன்றும் கட்டுவதாக இல்லை. இப்போது எனக்குப் பிரச்சினை வைக்கோல்தான். சிறுபோக வைக்கோலை விற்றுவிட்டோம். கிண்ணியா நானா, உங்கள் பக்கம் யாரிடமாவது இருக்குமா? என்ன விலை போகிறது?


கிண்ணியா எருமைக்காரன்:

இருக்கு தம்பி, மச்சான்ட வைக்கோல் போரிலே உலர்ந்ததாகவே இருக்கு, விலையை அவரோட நேரே கதைங்க, நான் சொல்லி வைக்கிறேன். ஆனால் நாளைக்கே வாங்க, அடுத்த மழை தொடங்கினால் அந்தப் பாதையில் உழவு இயந்திரப் பெட்டி இறங்காது. மேலே மூட ஒரு பெரிய தறப்பாளும் கொண்டு வாங்க. தறப்பாள் வைக்கோலுக்கு, மாட்டுக்கு இல்லை.