புதுப்பிப்பு: அலெக்ஸ் கரேவை அனுப்பிவைத்த விதம்

‘கிரேஸ் அனாடமி’ என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடர், அதில் வரும் டாக்டர் அலெக்ஸை வெறும் கடிதங்களோடு அனுப்பிவிட்டது என்று முன்பு பொருமியிருந்தேன். அலெக்ஸாக நடித்த ஜஸ்டின் சேம்பர்ஸே விலகிவிட்டார், எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். நியாயம்தான். அதனால் 2020 மார்ச்சில் வந்த அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன்.

கோபம் கூடத்தான் செய்தது. 2005-இலிருந்து கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக மனிதனானவன், மனைவி ஜோவைக் கடிதத்திலேயே கைவிட்டு முன்னாள் மனைவி இஸ்ஸியிடம் போகிறான். முன்பு இஸ்ஸியும் இவனுக்குக் கடிதம் வைத்துவிட்டுத்தானே போனாள்! அந்த வலி தெரிந்தவன் இதைச் செய்வானா?

ஒரு திருத்தம்: ஜோவுக்கு மட்டும் எழுதினான் என்றது என் தவறு. சக டாக்டர்கள் மெரிடித், பெய்லி, வெப்பருக்கும் கடிதம் உண்டு. ஆனால் ஜோ குழந்தையிலேயே கைவிடப்பட்டவள்; அவளை மறுபடியும் கைவிட வைத்திருக்க வேண்டாம். வேறு ஊரில் வேலை என்று அலெக்ஸ், ஜோ இருவரையும் சேர்த்தே அனுப்பியிருக்கலாம்.