ஒரு பட்டனுக்கு மூன்று நாளா?

கோவைக்கோடர்:
நான் கோவையில் வெப்சைட்டுக்குக் கோட் எழுதுபவன், எங்கள் டிசைனர் டொராண்டோவில். கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நான் காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போது அவர் படுக்கப் போயிருப்பார். போன வாரம் ஒரு ஃபார்ம் வந்தது. 'சப்மிட்' பட்டனின் அகலம் 120 பிக்சல். தமிழ்ப் பக்கத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டதும் கடைசி 'வும்' வெளியே தொங்கியது. டிசைன் வரையும் ஆன்லைன் கருவியான ஃபிக்மாவில் கமென்ட் போட்டேன். மறுநாள் பதில்: "எழுத்தைச் சின்னதாக்கிவிடுங்கள்." 11 பிக்சலில் யார் படிப்பார்கள்? திரும்ப ஒரு கமென்ட், திரும்ப ஒரு நாள். மூன்று நாள் போயிற்று. தினமும் அரை மணி நேரம் இருவரும் ஒரே காலில் இருந்தே ஆகவேண்டும் என்கிறேன். (காலில் விழச் சொல்லவில்லை, வீடியோ கால்.) நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வண்ணக்கிறுக்கி:
நான் டிசைனர், அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த அரை மணி நேரம் யார் தூக்கத்திலிருந்து வரும்? உங்கள் சிக்கல் நேர வித்தியாசமே இல்லை. டிசைன் தொடங்கும்போது தமிழ் வாசகம் அவர் கையில் இருந்ததா? இருந்திருந்தால் ஆட்டோ லேஅவுட் போட்டிருப்பார், எழுத்துக்கு ஏற்றபடி பட்டன் விரிந்திருக்கும். ஃபிக்மாவில் அது 2019-லேயே வந்துவிட்டது. அப்புறம், அவர் 120 என்றால் நீங்களும் விட்த் 120 என்றே எழுதுவீர்களா? மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்; எழுத்து நீண்டால் பட்டன் விரியும்) என்று ஒன்று இருக்கிறதே!

கோவைக்கோடர்:
வாசகம் கொடுக்காதது என் தப்புதான், சரி. மின்-விட்த்தும் போட்டுப் பார்த்தேன். மொபைலில் பக்கத்து 'ரத்து செய்' பட்டன் கீழே இறங்கிவிட்டது. "டிசைனில் இப்படி இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்.
இன்னொன்று கேளுங்கள். லைன்-ஹைட், அதாவது வரி உயரம், எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கு கொடுத்திருந்தார். ஆங்கிலத்துக்கு அழகுதான். தமிழில் மேல்வரியின் 'ரூ' கீழே இறங்கி, அடுத்த வரி 'கி'யின் கொக்கியில் இடிக்கிறது. தமிழ் தெரியாதவருக்கு இதை எப்படி எழுதிப் புரியவைப்பது? ஸ்கிரீன் ஷேர் செய்தேன். இரண்டே நிமிடம். அவரே 1.6 என்று மாற்றினார்.

பழையபிஎச்பி:
தம்பி, எங்கள் காலத்தில் பிஎஸ்டி (போட்டோஷாப்) ஃபைல் மெயிலில் வரும், பெயர் 'ஃபைனல் 2 உண்மையான ஃபைனல்'. 2016-ல் ஃபிக்மா எல்லோருக்கும் திறந்துவிட்டபோது ஒரே ஃபைலில் இரண்டு கர்சர் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்தோம். அதை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக போட்டோஷாப் நிறுவனமான அடோபி 2022-ல் அறிவித்து, அடுத்த வருடம் டிசம்பரில் கைவிட்டது. அவ்வளவு மதிப்புள்ள கருவியிலும் வருவது படம்தான், பிரவுசர் இல்லை. பெயர் மூன்று வரிக்கு நீண்டால்? நெட் போய்விட்டால்? லிஸ்ட் காலியாக இருந்தால்? இந்த ஸ்கிரீன்களை வரையாமல் ஹேண்டாஃப் (டிசைனைக் கோடரிடம் ஒப்படைப்பது) என்றால் நான் ஃபைலையே திறக்கமாட்டேன். கால் போட்டுக் கேட்டால் வாயால் ஒன்று சொல்வார், அடுத்த மாதம் அவரே மறந்துவிடுவார்.

வண்ணக்கிறுக்கி:
அண்ணா சொல்வதுதான். போன வருடம் ஒரு காலில் வெளிர்சாம்பல் எழுத்துக்குத் தலையாட்டினேன். பிறகு அளந்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இருக்கவேண்டிய குறைந்தபட்ச கான்ட்ராஸ்டான 4.5:1-க்குக் கீழே. யார் ஒப்புக்கொண்டது என்று கிளையன்ட் கேட்டபோது காட்ட ஒரு வரி எழுத்து இல்லை. திட்டு எனக்குத்தான். கோவைக்காரரே, அந்த 1.6 எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

கோவைக்கோடர்:
...இல்லை. இப்போதுதான் ஃபைலில் கமென்ட்டாகப் போட்டேன். தமிழ் வாசகங்களையும் ஒரு ஷீட்டில் அனுப்பிவிட்டேன். ஆனாலும் வீடியோ காலை விடமாட்டேன். தினமும் வேண்டாம், வியாழன் மட்டும். எனக்கு இரவு ஏழரை, அவருக்குக் காலை பத்து.

வண்ணக்கிறுக்கி:
குளிர்காலத்தில் எட்டரை ஆகுமே, சாப்பாடு?

கோவைக்கோடர்:
தட்டோடுதான் உட்காருவேன். கேமரா ஆஃப்.