குடில் வெள்ளரியில் காத்திருப்பு நாள் கழிந்தும் மருந்து எச்சம் நிற்பது ஏன்?

கொடிப்பந்தல்:
வணக்கம். பாலித்தீன் குடிலில் வெள்ளரி. வெள்ளை ஈக்கு அசிட்டாமிப்ரிட் அடித்து, லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் (மருந்து அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே விட வேண்டிய நாள்) முடிந்த பிறகுதான் பறித்தது. ஆனாலும் கிலோவுக்கு 0.3 மி.கி. எச்சம் என்று லேப் அறிக்கை வந்திருக்கிறது. வெளி நிலத்தில் இவ்வளவு நிற்பதில்லையே, குடிலில் மட்டும் ஏன்? காயை எதில் கழுவினால் போகும்?

வேர்முடிச்சு:
வெளியில் மருந்தைக் குறைப்பவை மழை, வெயிலின் புற ஊதாக் கதிர், காற்று, காயின் வளர்ச்சி. குடிலுக்குள் மழை கிடையாது, காற்று குறைவு, புற ஊதாவையும் கூரைத் தாள் ஓரளவு தடுத்துவிடும். பெரும்பாலும் மிஞ்சுவது காயின் வளர்ச்சிதான். காய் இருமடங்கு எடை போட்டால் கிலோவுக்கான எச்சம் பாதியாகும். மேகமூட்ட நாட்களில் காய் மெதுவாகப் பருப்பதால் அதுவும் கைகொடுக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடித்த அன்று 0.8 மி.கி., நான்கு நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்றால் 0.1-க்கு இறங்க 12 நாள். பாதியாக 7 நாள் எடுத்தால் 21 நாள். லேபிளில் உள்ள நாள் திறந்தவெளிச் சோதனையை வைத்துப் போட்டதாக இருந்தால் குடிலுக்கு அது பொருந்தாது. பசுமைக்குடில் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, மருந்து அடிக்கும் அன்று காலையிலேயே பறிக்கும் பருவத்துக் காய்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். முற்றிய காய் அதற்குமேல் அதிகம் பருக்காது, எச்சமும் அதிகம் நீர்த்துப் போகாது. வெள்ளரி ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற பயிர் என்பதால் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் வருகிறது.

நாசில்:
மேலே சொன்னது சரி, ஆனால் அடித்த அளவையும் சந்தேகப்பட வேண்டும். டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் 100 சதுர மீட்டர் அடித்து, எத்தனை லிட்டர் போனது என்று அளந்து பாருங்கள். 8 லிட்டர் என்றால் ஹெக்டேருக்கு 800 லிட்டர். லேபிள் 500 லிட்டர் என்று சொல்லியிருக்க, நீங்கள் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று கலந்திருந்தால், கலவை சரியாக இருந்தும் 60 சதவீதம் கூடுதல் மருந்து விழுந்திருக்கிறது. உயரப் பந்தலில் இலை சொட்டச் சொட்ட அடிக்கும்போது இது சர்வசாதாரணம்.

கொடிப்பந்தல்:
அளந்து பார்க்கிறேன், நன்றி. கழுவுவதைப் பற்றிச் சொல்லுங்களேன்.

வேர்முடிச்சு:
அசிட்டாமிப்ரிட் ஊடுருவும் மருந்து. சதைக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது. மேல்தோலில் இருப்பது ஓடும் தண்ணீரில் தேய்த்தால் ஓரளவு போகும். சமையல் சோடா லிட்டருக்கு 10 கிராம் கரைத்து 12–15 நிமிடம் ஊறவைத்த ஆப்பிள் சோதனையில் மேற்பரப்பு மருந்து நன்றாகக் குறைந்தது, தோலுக்குள் இறங்கியது அப்படியே தங்கிவிட்டது. தோல் சீவினால் இன்னும் குறையும். சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், காயே அதை உறிஞ்சும்.

அதனால் மருந்து அடிக்கும் தேவையைக் குறைப்பதே நல்லது. இரட்டைக் கதவு, 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலை, மஞ்சள் ஒட்டுப்பொறி மூன்றும் வேண்டும். வலை நெருக்கமானால் காற்றோட்டம் குறையும், காற்றுத் திறப்பின் பரப்பைக் கூட்டாவிட்டால் சாம்பல் நோய் தொற்றிக்கொண்டு வேறொரு மருந்துக்கு வழிவிடும். வெள்ளை ஈயை அழிக்கும் ஒட்டுண்ணியான என்கார்சியா குளவி விடுவதாக இருந்தால் அசிட்டாமிப்ரிட்டை முன்கூட்டியே நிறுத்துங்கள், அது குளவியையும் பாதிக்கும்.

ஆய்வுமேசை:
மறுபரிசோதனைக்கு ஒரே கொடியிலிருந்து காய் எடுக்காதீர்கள். நுழைவாயில், நடு, ஓரம் எனப் பிரித்து எடுங்கள். கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) மாதிரி எடுக்கும் முறைப்படி 250 கிராமுக்கு மேற்பட்ட காய் என்றால் குறைந்தது 5 காய், 2 கிலோ. அதற்குச் சிறியதென்றால் குறைந்தது 10 காய், 1 கிலோ. கழுவாமல், தோல் சீவாமல், குளிர்பெட்டியில் அனுப்புங்கள். அடித்த தேதி, மருந்தின் பெயர், கலந்த அளவு மூன்றையும் தாளில் எழுதி உடன் வையுங்கள்.