பச்சைக் கிளி யாரிடம் இருக்கிறது?

குழு: வீட்டு நாடகம், செம்பூர்

வெள்ளிக்கிழமை

அத்தை, காலை 6.40
பச்சைக் கிளி யாரிடம் இருக்கிறது? நேற்று ஒத்திகை முடிந்து பெட்டியைக் கட்டும்போது காணவில்லை. நாளை மாலை நாடகம், விஜய் டெண்டுல்கரின் 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' (அமைதி! நீதிமன்றம் நடக்கிறது).

தம்பி, 6.52
கடைசிக் காட்சியில் அக்காவின் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனேன், அத்தை. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சித்தப்பா, 7.05
கிடைக்காவிட்டால் வேறு பொம்மை எதையாவது வைத்துக்கொள்ளலாமே, அக்கா.

அத்தை, 7.11
முடியாது. நாயகி பேணாரே பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லும் பாட்டிலேயே கிளி வருகிறது. 'ஏன் அழுகிறாய்?' என்று குருவியைக் கேட்கும் கிளி. போலி விசாரணையில் அத்தனை பேரும் பேணாரேயைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, அந்தக் கிராமத்துப் பையன் சாமந்த் மட்டும்தான் திரும்பி வருகிறான். என்ன சொல்வதென்று தெரியாமல், வீட்டுக் குழந்தைக்காக வாங்கிய துணிக் கிளியை அவள் முன்னால் வைக்கிறான். அந்த இடத்தில் கரடி பொம்மையை வைக்க முடியுமா?

அத்திம்பேர், 7.30
மூட்டைப்பூச்சி மருந்துப் புட்டி தயார். பழைய இருமல் மருந்துப் புட்டியைக் கழுவி, 'டிக் 20' என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். பேணாரேயின் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும்போது மூன்றாம் வரிசை வரை படிக்க முடியும்.

சித்தப்பா, 7.34
கதவும் வந்துவிட்டது. தச்சர் பழைய கதவையே சட்டத்தோடு கொடுத்தார். தாழ்ப்பாள் மட்டும் இறுக்கமாக இருக்கிறது.

அத்தை, 7.36
இறுக்கமாகவே இருக்கட்டும். பேணாரே உள்ளே வரும்போது விரலைக் கடிப்பதும் அதுதான், தப்பித்து ஓடப் பார்க்கும்போது வெளியே மாட்டிக்கொண்டு வழியை அடைப்பதும் அதுதான்.

சித்தப்பா, 9.15
இன்னொரு செய்தி. காலனிச் சங்கத்தார் நேற்று இரவு பேசினார்கள். பேணாரேயின் கடைசிப் பேச்சு நீளமாக இருக்கிறதாம், எட்டரைக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள்.

அம்மா, 9.40
நானும் இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், அக்கா. என் மகளுக்கு மணமாகாமல் கருவுற்ற ஆசிரியை வேடம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊர் வேடத்தையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்காது. அந்தப் பேச்சாவது குறைந்தால் நல்லதுதானே?

அத்தை, 10.20
மற்றவர்கள் கேட்டால் விதியைச் சொல்லி முடித்துவிடுவேன். டெண்டுல்கர் 2008இல் மறைந்தார், 2068 வரை பதிப்புரிமை இருக்கிறது. அனுமதி வாங்கிய படியில் நம் விருப்பத்துக்குக் கை வைக்க முடியாது. நீ கேட்டதால் விரிவாகச் சொல்கிறேன்.

1967இல் மும்பையில் இது மேடையேறியபோது அரவிந்த் தேஷ்பாண்டே இயக்கினார், சுலபா தேஷ்பாண்டே பேணாரேயாக நடித்தார். அந்தப் பேச்சு முதலில் எழுதிய படியில் இல்லை. குழுவினர் வற்புறுத்திய பிறகே டெண்டுல்கர் எழுதிச் சேர்த்தார்.

சித்தப்பா, 10.24
அப்படியானால் அது இல்லாமலேயே நாடகம் முழுமை என்று அவரே நினைத்திருக்கிறார் அல்லவா?

அத்தை, 10.41
மராத்தியிலிருந்து தமிழில் எழுதும்போது நானும் அங்கேதான் ஒரு வாரம் நின்றேன். பிறகு வரிசையாகப் பார்த்தேன். பொழுதுபோக்குக்கு என்று போலி விசாரணையைத் தொடங்குகிறார்கள். சாட்சி என்ற பெயரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவளை அந்த நிலைக்கு ஆளாக்கிய பேராசிரியர் தாம்லேயின் நாற்காலி காலியாகவே இருக்கிறது, அவரை யாரும் விசாரிப்பதில்லை. கடைசியில் அவளுக்கு நீதிபதி கொடுப்பது பத்து விநாடி. அவள் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் உறைந்து நிற்க, அவள் மனம் பேசுகிறது. மேடையில் ஒருவர் காதிலும் அது விழாது. எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டுமே கேட்கும். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று அதையும் நாம் எடுத்துவிடுவதா?

அத்திம்பேர், 10.50
கருவில் இருக்கும் குழந்தையை அழிக்க வேண்டும் என்ற தீர்ப்பைச் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இருபது தடவை சொல்லியும் பழகவில்லை.

அத்தை, 10.53
நீதிபதி காஷீகர் காது குடைந்துகொண்டே சொல்கிறவர். குரலை உயர்த்தாதீர்கள். சந்தையில் காய் விலை சொல்வதுபோல் சொல்லுங்கள்.

அத்தை, 11.10
மன்னிக்க வேண்டும், இன்னும் ஒன்று. முப்பத்தொரு வருடம் பள்ளியில் வேலை பார்த்தேன். ஆசிரியர் அறையில், அங்கே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி டீ ஆறும் வரை விசாரணை நடக்கும். நானும் உட்கார்ந்து கேட்டேன். அந்தப் பெண் வருடக் கடைசியில் வேலையை விட்டுப் போனாள். போகும்போது என் மேசைக்கு வந்து, இரவல் வாங்கிய சிவப்பு மைப் பேனாவைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த நாடகத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்ததே அதனால்தான்.

நான், 11.32
சங்கத்தாரிடம் நான் பேசுகிறேன், அத்தை. சாப்பாட்டை ஒன்பது மணிக்குத் தள்ளச் சொல்கிறேன்.

அக்கா, பகல் 1.15
இப்போதுதான் அலுவலகத்தில் இடைவேளை கிடைத்தது. எல்லாவற்றையும் படித்தேன். அம்மா, அந்தப் பேச்சில் ஒரு வரி குறைந்தாலும் நான் மேடையேற மாட்டேன். கிளியை நான்தான் எடுத்து வந்தேன். இரவு சமையலறையில் பேசிப் பார்க்க அது எதிரில் வேண்டியிருந்தது. சொல்லாமல் எடுத்தது தப்பு, அத்தை.

சித்தப்பா, 2.05
சங்கத்தார் ஒன்பது மணிக்கு ஒப்புக்கொண்டார்களா?

நான், 2.20
ஒப்புக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே இட்லி கொடுத்துவிடுவார்கள்.

அம்மா, மாலை 4.48
கிளி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று இரவு நான் படுக்கவில்லை, அவள் பேசியதை முழுவதும் கூடத்தில் இருந்தபடியே கேட்டேன். வரன் கவலை எனக்குத் தீரவில்லை. இறக்கையில் தையல் விட்டிருந்தது, பச்சை நூலால் தைத்துவிட்டேன். நாளை எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும், அக்கா?

அத்தை, 4.50
நாலு மணிக்கு வந்துவிடு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடியெடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மூக்குக்கண்ணாடியை மறக்காதே.