பாஸ்வேர்டு விஷயத்தில் நீங்கள் நேரில் பார்த்தது, பட்டது

திருச்சியிலிருந்து:

வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதம் வந்துவிட்டால் துண்டுச் சீட்டில் பான் எண்ணும் பாஸ்வேர்டும் எழுதி எடுத்து வருபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் ஒரே அச்சு. பெயரின் முதல் எழுத்து பெரியது, நடுவில் ஒரு அட் குறி, கடைசியில் 123 அல்லது பிறந்த வருஷம். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் என்று எல்லாத் தளமும் கேட்கிறது. எல்லோரும் ஒரே வழியில் அதைச் சமாளிக்கிறார்கள். திருடுபவனுக்கும் அந்த வழி தெரியும்.

எங்களிடம் வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் பதறிக்கொண்டு வந்தார். "தம்பி, நான் எதையும் தொடவே இல்லை, பாஸ்வேர்டு மாற்றப்பட்டதுன்னு மெயிலா வருது" என்றார். என்றைக்கோ ஒரு பொருள் வாங்கிவிட்டு மறந்துபோன ஷாப்பிங் தளத்தில் இருந்து அவருடைய விவரங்கள் கசிந்திருந்தன. ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு. இப்படிக் கசியும் பட்டியலை யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நிரலே நூற்றுக்கணக்கான தளங்களில் அதைப் போட்டுப் பார்த்துவிடும். ஜிமெயில் திறந்துகொண்டால் மற்றக் கணக்குகளுக்குப் பாஸ்வேர்டு தெரிய வேண்டியதே இல்லை. "மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் புதியதை வைக்கும் இணைப்பு அந்த மெயிலுக்குத்தானே வருகிறது.

முதலில் மெயில் கணக்கை மீட்டோம். புதுப் பாஸ்வேர்டு வைத்ததும் அவர் நிம்மதியாக எழுந்துவிட்டார். இருங்கள் ஐயா என்று உட்கார வைத்து, மற்றச் சாதனங்களில் திறந்திருந்ததை எல்லாம் வெளியேற்றினோம். மீட்பு எண் அவருடையதுதானா என்று பார்த்தோம். பிறகு செட்டிங்கில் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்தால், அவருக்கு வரும் மெயில்கள் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கும் போய்க்கொண்டிருந்தன. பாஸ்வேர்டை மாற்றினாலும் இது தானாக நிற்காது. மெயில் பறிபோன யாருக்கு உதவினாலும் இந்த இடத்தைத் திறந்து பாருங்கள், தயவுசெய்து. நல்லவேளை, பணம் போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

வயதானவர் என்பதால் இப்படி ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். 2012-இல் இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்துக்குள் நுழையவே அங்கு வேலை பார்த்த ஒருவர் வேறு தளத்திலும் வைத்திருந்த பாஸ்வேர்டுதான் வழிவிட்டது. 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் போனது 2016-இல்தான் வெளியே தெரிந்தது. நம் மெயில் முகவரி எந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க, இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் பௌன்ட்' தளம் இருக்கிறது. முகவரி மட்டும் கொடுத்தால் போதும், இலவசம்.

பெரியவருக்கு பிட்வார்டன் என்கிற பாஸ்வேர்டு மேனேஜரைப் போட்டுக் கொடுத்தோம். மற்றதை எல்லாம் அதுவே உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்கிறது. அவர் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூக்குத்தி, தபால், வேப்பமரம் என்கிற மாதிரி. திருக்குறள் வரியோ பாட்டு வரியோ கூடாது, அது ஊருக்கே தெரிந்தது.

சென்னையிலிருந்து:

என் அனுபவம் வேறு மாதிரி. அப்பா தவறியபோது அவருடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் பீரோவில் இருந்த ஒரு நீளக் கணக்கு நோட்டில் இருந்தன. நோட்டில் எழுதுவதைத் தப்பு என்று நிறைய பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு கணக்கை உடைப்பவனால் எங்கள் வீட்டுப் பீரோவைத் திறக்க முடியாது. எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட, தனித்தனியாக வைத்து நோட்டில் எழுதிப் பூட்டி வைப்பது எவ்வளவோ மேல். மின் கட்டணக் கணக்கு, கேஸ் பதிவு, அப்பா மெயிலில் இருந்த பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அம்மாவுக்குக் கிடைத்தது அந்த நோட்டால்தான். வங்கிக் கணக்கை மட்டும் நாங்கள் தொடவில்லை. இறந்தவரின் நெட் பேங்கிங்கில் நுழைந்து பணம் எடுக்கக் கூடாது. அம்மா நாமினி என்பதால் இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போய் முறைப்படி வாங்கினார்.

நோட்டு இருந்தும் சிக்கல் வந்த இடம் ஓடிபி. எல்லாமே அப்பாவின் செல் எண்ணுக்கு வரும். அந்த சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாள் கழித்து எண் வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் அப்பாவின் ஓடிபி யாரோ ஒருவரின் போனில் வரும். என் சித்தப்பா இதை முன்னமே யோசித்து, காரியம் முடிந்த கையோடு ரீசார்ஜ் செய்துவிட்டார். எண்ணை விடுவதற்கு முன் ஒவ்வொரு கணக்கிலும் அம்மாவின் எண்ணை மாற்றினோம்.

எனக்கும் சேர்த்து இப்போது ஏற்பாடு செய்துவிட்டேன். கூகுள் கணக்கில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று ஒன்று உண்டு. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு கெடு வைக்கலாம். அதுவரை நாம் கணக்கைத் தொடவே இல்லை என்றால், நாம் குறித்து வைத்த ஆட்களுக்குத் தகவலும் நாம் அனுமதித்த கோப்புகளும் போகும். என் தம்பி பெயரைக் கொடுத்திருக்கிறேன், அவனிடமும் சொல்லிவிட்டேன்.

திருப்பூரிலிருந்து:

பாஸ்வேர்டு மேனேஜர் பற்றிச் சொன்னபோது, "எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் பெட்டியே போய்விடாதா?" என்று எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேட்டார்கள். நியாயமான பயம். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்கிற மேனேஜரில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களே திருடு போயின. பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன, ஆனால் தள முகவரிகள் அப்படி இல்லை. முதன்மைப் பாஸ்வேர்டை எளிதாக வைத்தவர்கள்தான் அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. அதனால் நான் கீபாஸ்எக்ஸ்சி என்கிற மேனேஜரை வைத்திருக்கிறேன். கோப்பு என் கணினியிலேயே இருக்கும், ஒரு நகல் பென்டிரைவில்.

இதில் எனக்குப் பெரிதாகப் படும் நன்மை வேறு. பக்கத்து மேசை அக்காவுக்கு வங்கியில் இருந்து வந்ததுபோல ஒரு இணைப்பு வந்தது. கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கு முடங்குமாம். திறந்தால் லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசல். அவரும் பாஸ்வேர்டு மேனேஜர்தான் பயன்படுத்துகிறார். தினமும் தானாக நிரப்புவது அன்றைக்கு நிரப்பவில்லை. "இது வேலை செய்யலை, கையிலேயே அடிச்சிடறேன்" என்றார். நிறுத்துங்கக்கா என்று முகவரியைப் பார்த்தால் வங்கியின் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. நம் கண் லோகோவைப் பார்க்கிறது, மேனேஜர் முகவரியை மட்டும் பார்க்கிறது. அது நிரப்ப மறுத்தால் கையால் அடிக்காதீர்கள். பக்கத்தை மூடிவிட்டு வங்கியின் ஆப்பைத் திறந்து பாருங்கள். அக்கா திறந்து பார்த்தபோது கேஒய்சி பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.